பரணில் அப்பாவின் பெட்டிகள்

ஹடர்ஸ்ஃபீல்டு
அக்டோபர் 9

அன்பு மகள் ஜில்லியனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே நியூசிலாந்தில் சுகமாக இருப்பீர்கள். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரமாட்டேன் என்கிறது. போனில் சொல்ல வழியில்லை, நான் போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

பரணில் பலகை போடுகிறார் என்று சொன்னேனே. போன வருஷம் குளிருக்காகப் பரண் முழுக்கக் கண்ணாடிப் பஞ்சு விரித்துவிட்டுப் போனார்கள் இல்லையா, அதற்கு மேலே சாமான் வைக்க. எதிர்வீட்டு பாரி பஞ்சை அமுக்கிப் பலகையை நேரே அறைந்துவிட்டான், பஞ்சு நசுங்கி இப்போது அவன் படுக்கையறையில் குளிரில் பல் கிட்டுகிறது. அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துவிட்டு, சட்டத்துக்குச் சட்டம் பிளாஸ்டிக் கால் நட்டு, பஞ்சில் படாமல் காற்றுக்கு இடம் விட்டு, பலகையை உயர்த்திப் போட்டார். எழுபத்து மூன்று வயதில் மூன்று வாரம் ஏணியில் ஏறி இறங்கினார். ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்று கேட்டால் தூசி என்றார். நானும் நம்பினேன், மடச்சி.

செவ்வாய்க்கிழமை அவர் முடிவெட்டப் போனபோது, கிறிஸ்துமஸ் கேக் டின்னைத் தேடி மேலே ஏறினேன். உன் பெட்டிகள்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஜில்லி, எல்லாம் அவருடையது, தன் பெயர் போட்டு அவரே எழுதி ஒட்டிய சீட்டுகள். "நெவில், கோட்டுகள். திறக்க வேண்டாம், அப்படியே பழைய துணி எடுக்கும் தர்மக் கடைக்கு." "நெவில், ஷூக்கள்." "தூண்டில் பாரிக்கு." ஒன்றில் என் பெயர், உள்ளே பாய்லர் நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்று படம் போட்டு எழுதிய நோட்டு. அந்தப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே வந்து அலமாரியைத் திறந்தால் மூன்றே சட்டை. மூன்று வாரமாக அதையே மாற்றி மாற்றித் துவைத்திருக்கிறேன், கண்ணில் படவில்லையே!

வந்தவரைக் கேட்டேன். முதலில் கெட்டிலைப் போட்டார். அப்புறம்தான், இதயத்தில் வால்வு கெட்டிருக்கு, ஆபரேஷனுக்குத் தேதி வந்துச்சு, வயசுல சின்னவங்க யாருக்காவது குடுங்கன்னு சொல்லிட்டேன் என்றார், பஸ்ஸில் இடம் விட்டுக்கொடுத்தவர் மாதிரி. உன்கிட்ட சொன்னா நீ ஊரைக் கூட்டுவே டோரீன் என்கிறார். நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் பேசுகிற பேச்சா இது? கோபத்தில், சாகப்போறவனுக்கு எதுக்குய்யா பலகையைக் கால் வெச்சு உயர்த்துற வேலைன்னு கத்திவிட்டேன். பஞ்சு நசுங்கினா வீட்டுல குளிர் இறங்கும், நீ தனியா இருக்கும்போது, என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டு பிஸ்கட் டப்பாவைத் தேடப் போய்விட்டார்.

மறுநாள் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். அவர் இடத்தை இன்னும் யாருக்கும் தரவில்லையாம், மாதக் கடைசி வரை வைத்திருப்பார்களாம். செய்துகொண்டால் நல்லபடியாக வருகிறவர்கள்தான் அதிகம் என்றார் டாக்டர். ஆனால் சரி என்று அவர் வாயாலே சொல்ல வேண்டும். நான் கேட்டால் பார்க்கலாம் என்கிறார், பார்க்கலாம் என்றால் உன் அப்பாவுக்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

அதனால் கடிதம் கிடைத்ததும் அவரைக் கூப்பிடு. அழாதே, அழுதால் டெலிபோனை என் கையில் கொடுத்துவிடுவார். நான் எழுதினேன் என்றும் சொல்லாதே. என் சாமானெல்லாம் அனுப்பப்போறேன், பரண் முழுக்க எனக்கு வேணும், அங்கே இருக்கிறதை எல்லாம் இறக்குங்கப்பா என்று மட்டும் சொல். நீ கேட்டு அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. பெட்டி இறங்கி அந்தக் கோட்டெல்லாம் மறுபடி அலமாரிக்கு வந்துவிட்டால், ஆஸ்பத்திரிக்கும் சரி என்று சொல்லிவிடுவார்.

குழந்தைக்கு என் முத்தங்கள். கடவுள் உங்கள் மூவரையும் நன்றாக வைத்திருக்கட்டும். மறந்துவிடாதே, முப்பத்தொன்றாம் தேதிக்குள்.

உன் அம்மா,
டோரீன்