உள்ளங்கைச் சொட்டு

மார்ச் 3, செவ்வாய்

வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாம். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும். ஆனால் சர்க்கரை குறையாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கறி, முட்டை, பால், இனிப்பு எல்லாம் நிறுத்தம். காய், கீரை, பருப்பு, தீட்டாத அரிசி, அதுவும் அளவாக, நேரத்துக்கு.

"புல்லு சேத்துக்கலாமா டாக்டர்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நான் சமைக்கும் கேன்டீனில் மேனேஜர் ஏற்கெனவே முணுமுணுக்கிறார். நேற்று கொடியில் தொங்கிய ஏப்ரனைப் பார்த்து, "வாங்க சார், சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். "கண்ணு சரியாகலன்னா அடுப்புப் பக்கம் விடமாட்டேன்க்கா. எண்ணெய்ச் சட்டி விளையாட்டு இல்ல" என்கிறார். அடுப்பை விட்டால் நான் யார்?

மார்ச் 6, வெள்ளி

வீட்டுக்காரர் தட்டைப் பார்த்து, "உனக்குத்தானே பத்தியம், எனக்கு எதுக்கு?" என்றார்.

"நீங்க எலும்பு கடிங்க. நான் பக்கத்துல உக்காந்து மேயறேன்."

முறைத்தார். பிறகு கீரையை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு. இடது கண்ணுக்கு அந்த அளவு தெரியும் ஐயா.

மார்ச் 15, ஞாயிறு

ஒரு வாய் கூடத் தப்பு இல்லை. எனக்கே என்மேல் மரியாதை வருகிறது.

மார்ச் 31, செவ்வாய்

சர்க்கரை குறையவே இல்லை.

"வேற எதாவது சாப்பிடறீங்களா?" — டாக்டரம்மா மூன்று விதமாகக் கேட்டார். சத்தியமா இல்லைங்க! நம்பின மாதிரியே இல்ல அந்த மூஞ்சி. ஒரு மாசமா வாயைக் கட்டிட்டுக் கிடக்கேன், திருடியைப் பாக்கற மாதிரி பாக்குது. இதுக்குப் பேசாம கறியே தின்னிருக்கலாம். போதும் போ.

ஏப்ரல் 2, வியாழன்

மின்னலிடம் புலம்பினேன். கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். என் வயசுதான். நிதானத்தில் ஆமையே தோற்றுப்போகும், அதனால் அந்தப் பெயர்.

"நாள் பூரா நக்கிக்கிட்டே இருக்கியே, அது எந்தக் கணக்கு?" என்றாள்.

"அது ருசி பாக்கறதுடி. சாப்பிடறது இல்ல."

ஒரு டம்ளரை எடுத்து வந்தாள். நான் கரண்டியைச் சாய்த்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கும்போதெல்லாம், அதே அளவு டம்ளரிலும் விட்டாள். கறிக்குழம்பு, கிரீம் சூப், முட்டை மசாலா, நாலு மணி டீயோடு போகும் பால் இனிப்பு. மாலைக்குள் டம்ளர் நிரம்பி வழிந்தது. மேலே விரல் கனத்துக்கு நெய் மிதந்தது.

வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. சமையல்காரி வாய்க்குள் போவது சாப்பாடு இல்லை என்று எனக்கு யார் சொன்னது?

ஏப்ரல் 4, சனி

இனி உள்ளங்கை மின்னலுடையது.

"உப்பு எப்படி?"

"இருக்கு."

"போதுமா?"

"இருக்கு, ஆனா இல்ல."

"அடியே, ரெண்டுல ஒண்ணு சொல்லு!"

"நீ ரெண்டாவதா ஒரு கல்லு போடு, சொல்றேன்."

சாப்பாட்டு நேரத்தில் மேனேஜர் மட்டும், "குழம்பு இன்னிக்கு அமைதியா இருக்கே?" என்றார். மற்றவர்கள் வழக்கம்போலத் தட்டை வழித்தார்கள்.

ஏப்ரல் 22, புதன்

மணத்திலேயே உப்பு பிடிபட ஆரம்பித்திருக்கிறது. வீட்டுக்காரருக்கு பேன்ட் நிற்கவில்லை. பெல்ட்டில் புது ஓட்டை வேண்டுமாம்.

"ஆணியை நீங்க பிடிங்க. நான் சுத்தியலால அடிக்கறேன்" என்றேன். பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு செருப்புத் தைப்பவரிடம் ஓடிவிட்டார்.

மே 8, வெள்ளி

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். போனை எடுத்து, "அடுத்த வெள்ளிக்கிழமை காலைல ஒரு கண் ஆபரேஷன் போட்டுக்கோங்க" என்றார் யாரிடமோ. அப்புறம் என்னைப் பார்த்து, "புல்லு வேலை செஞ்சிருக்கு" என்றார். அந்த அம்மாவுக்குச் சிரிக்கவும் தெரிகிறது.

ஜூன் 6, சனி

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். திங்கள்கிழமை அடுப்புக்குத் திரும்பலாம். ஒத்திகைக்கு வீட்டில் கத்தரிக்காய் நறுக்கினேன். ஊதா இவ்வளவு ஊதாவா! விதை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. நடுவில் ஒரு விதை நெளிந்தது.

புழு.

அடுத்த காயிலும் ஒன்று. இத்தனை மாதமாக இதே கடைக் கத்தரிக்காய்தான். எத்தனை பேரை வதக்கினேனோ! சுத்தமாகச் செடி கொடி மட்டும்தான் என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டு வேறு திரிந்தேன்.

வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு, "முன்னாடி வச்சதுதான் இன்னும் ருசி" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டேன். சிரித்தால் கண்ணில் போட்ட தையல் பிரிந்துவிடும்.