பதினொரு கிடேரிகளின் குளிர்காலம்

மஞ்சர்,
22.11.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

பார்கவி அநேக நமஸ்காரம். சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தீர்கள். யாரைப் பார்க்கப் போகிறேன் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "சால்வையைக் காதை மூடிப் போட்டுக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள். போட்டுக்கொண்டேன்.

பத்து நாளில் திரும்புவதாகச் சொல்லியிருந்தேன். சங்கராந்தி வரை இருக்க அனுமதி வேண்டும். ஜெயந்த் கரும்பு டிராலியிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடக்கிறார். மாவுக்கட்டு பிரிக்க இன்னும் ஆறு வாரமாகும். கறவை மாடுகளுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். கன்றுகள் முழுக்க அக்கா பொறுப்பு. பதினொன்று, எல்லாம் கிடேரி. மூத்ததற்கு ஒரு வயது. கடைக்குட்டி கபரி பிறந்து இருபது நாள்தான் ஆகிறது. வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டு இருந்தால் இங்கே மராத்தியில் கபரி என்கிறார்கள். இந்தப் பண்ணையின் நாளைய பால் அத்தனையும் இந்தப் பதினொன்றில்தான் இருக்கிறது. குளிர்காலத்தைக் கடக்கும் வரை அவை பிழைக்குமென்று நம்ப முடியாது என்கிறாள் அக்கா.

அக்கா என்று எழுதிவிட்டேன். அவள் ஜெயந்தைக் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து, கோதை என்ற பெயரை நம் போபோடி வீட்டில் நான்கு வருடமாக யாரும் உரக்கச் சொன்னதில்லை. மஞ்சர் கடைத்தெருவில் டெலிபோன் பூத் இருக்கிறது. ஆனால் போனில் அவள் பெயரைக் கேட்டதும் நீங்கள் வைத்துவிடலாம். கடிதமென்றால் என் செய்தி எங்கே முடிகிறது என்று பார்ப்பதற்காகவாவது கடைசி வரை படிப்பீர்கள். நான் திரும்புவதற்குள் நீங்கள் அவளுக்கு ஒரு வரி எழுதிவிட வேண்டும். அதற்காகவும்தான் நான் இங்கே வந்தேன். மறைத்து என்ன பயன்?

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள்
பார்கவி

*

போபோடி,
29.11.98

சிரஞ்சீவி பார்கவிக்கு ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் க்ஷேமம். சங்கராந்தி வரை இருந்துவிட்டு வா. உன் மேஜையில் இருந்த நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உள்ளே நீ செருகியிருந்த துண்டுச் சீட்டுகளைப் படிக்காமல் எடுத்து ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

எம்.ஏ. படிக்கிறவள் சாணி அள்ளுவதில் எனக்குச் சம்மதமில்லை. இந்த வீட்டிலிருந்து ஒருத்தி வேளாண்மைக் கல்லூரி வரை போய்விட்டு அள்ளுவது போதும்.

உன் அம்மா சில விஷயங்கள் கேட்கச் சொன்னாள். கொட்டகை எந்தத் திசை பார்த்து இருக்கிறது? சுவர் எத்தனை அடி? கூரை ஓடா, தகரமா? காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? கன்றுகள் வெறும் தரையில் படுக்கின்றனவா? விடியற்காலையில் எத்தனை டிகிரி இருக்கிறது?

விவரமாக எழுதவும்.

அப்பா
பட்டாபிராமன்

*

மஞ்சர்,
5.12.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே அம்மா, "கூரை ஓடா, தகரமா?" என்று கவலைப்பட்டதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். அம்மாவுக்குப் பதில் இதோ.

கொட்டகை கிழக்கு பார்த்தது. தகரக் கூரை. மற்ற மூன்று பக்கமும் இடுப்பளவு கல்சுவர், அதற்கு மேல் திறந்த வெளி. காற்று வடக்கிலிருந்து வருகிறது. அந்தப் பக்கம் மட்டும் சோளத்தட்டையில் படல் கட்டியிருக்கிறார்கள். தரையில் கரும்புச் சோகை முழங்கால் உயரத்துக்கு. நேற்று விடியலில் ஆறு டிகிரி.

காலையில் முதல் வேலை பால். வாளியில் வெதுவெதுப்பாக எடுத்துப்போய், விரலைப் பாலில் நனைத்துக் கபரியின் வாயில் கொடுக்க வேண்டும். விரலைச் சப்பியபடியே வாளிக்குள் மூக்கை விட்டுவிடுவாள். அவள் நாக்கு உப்புத்தாள் மாதிரி இருக்கிறது. சின்னவை நான்குக்கும் சாக்கைப் பிரித்துச் சட்டை தைத்திருக்கிறாள் அக்கா. வயிற்றுக்குக் கீழே முடிச்சு. வெயில் ஏறியதும் கழற்றி உதறிக் காயப்போட வேண்டும். பதினோரு மணிக்கு சோள மாவில் தட்டிய பாக்ரியும் பச்சை மிளகாயை இடித்த டேச்சாவும். உங்களுக்கு நான்கு நாள் பேச்சே வராது, அவ்வளவு காரம்.

இதை உங்களுக்கு எழுதியே ஆக வேண்டும். தினமும் சாயங்காலம் அக்கா கன்றுகள் படுக்கும் இடத்தில் போய் இரண்டு முழங்காலையும் ஊன்றி உட்காருகிறாள். இருபது எண்ணுகிறாள். எழுந்து சல்வாரின் முட்டியைப் பார்க்கிறாள். ஈரம் தெரிந்தால் வயலோரம் போய் ஒரு கட்டுச் சோகை தூக்கி வந்து கொட்டி, மறுபடி மண்டியிட்டுப் பார்க்கிறாள். பதினொரு இடத்திலும்.

"தினமும் எதுக்கு இப்படி?" என்று கேட்டேன்.

"நான் பாக்கலேன்னா அது விடியற வரைக்கும் ஈரத்துல படுத்துண்டிருக்கும். சொல்றதுக்கு அதுக்கு வாயில்லே. எனக்கு முட்டி இருக்கோன்னோ?" என்றாள்.

கட்டிலில் காலை நீட்டிக் கிடந்த ஜெயந்த் உள்ளிருந்து குரல் கொடுத்தார். இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "எங்க ஊர் கோயில்ல ஒரு நாளாவது இவ்வளவு பக்தியா மண்டி போட்டிருக்காளா, கேளு!"

பொறுமையைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன் அப்பா. அதற்கு முட்டியில் ஈரம் படும் என்று எங்கேயும் படித்ததில்லை.

உங்கள்
பார்கவி

*

போபோடி,
12.12.98

சிரஞ்சீவி பார்கவிக்கு ஆசீர்வாதம்.

ஆறு டிகிரி என்று படித்ததிலிருந்து உன் அம்மாவுக்குச் சரியான தூக்கமில்லை. இந்தக் குளிரில் சுற்றிலும் திறந்துபோட்டுக் கன்று வளர்ப்பதை நான் கேள்விப்பட்டதில்லை.

கட்கி பஜாரில் பழைய ராணுவச் சாமான் விற்கும் கடையில் கெட்டித் தார்பாய் கிடைத்தது. மொட்டை மாடியில் விரித்து, நான்கு பக்கத்துக்கும் நான்கு துண்டாக வெட்டி, ஓரமெல்லாம் கயிறு கோக்கக் கண் வைத்து நானே தைத்தேன். ஐந்து ஞாயிறு வேலையை லீவு போட்டு ஐந்து நாளில் முடித்தேன். நான் கோணி ஊசி பிடித்த அழகைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆரோக்கியசாமி சிரித்துவிட்டுப் போனார். அவருடைய லாரிதான் வரும் வியாழக்கிழமை நாசிக் போகிறது. மஞ்சரில் இறக்கிவிடுவார்.

கூரை விளிம்பிலிருந்து தரை வரை கட்ட வேண்டும். ஒரு விரல் நுழையும் இடைவெளிகூட இருக்கக் கூடாது. வாசல் பக்கத் துண்டைக் காலையில் சுருட்டி, மாலையில் இறக்கவும்.

இது கன்றுகளுக்காக அனுப்புவது. வேறு யாருக்கும் அனுப்பியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்பா
பட்டாபிராமன்

*

மஞ்சர்,
21.12.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். தார்பாய் வந்தது. ஆரோக்கியசாமி மாமா ஒரு டீ குடித்துவிட்டு, "உங்க அப்பா ஒரு வாரமா மாடிய விட்டு எறங்கலம்மா, காக்காகூட அவரைப் பாத்துப் பழகிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அதை முற்றத்தில் விரித்து ஓரத்தைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். "அப்பா தையல்தான். ஒவ்வொரு கண்ணுக்கும் மூணு முடிச்சு பாரு" என்றாள்.  கட்டுவதற்கு யாரையும் விடவில்லை. ஏணி போட்டு அவளே ஏறினாள். நீங்கள் எழுதியபடி ஒரு விரல் நுழைகிறதா என்று ஒவ்வொரு இடமாகத் தன் விரலை வைத்துப் பார்த்தாள். ஜெயந்த் இதற்கு மாமனார் கோட் என்று பெயர் வைத்திருக்கிறார். பால் எடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "என் மாமனார் அனுப்பின கோட்" என்று கட்டிலிலிருந்தே காட்டுகிறார். அந்த வார்த்தையைச் சொல்ல நான்கு வருடம் காத்திருந்தவர் மாதிரி இருக்கிறது.

உள்ளே நல்ல கதகதப்பு. ஒன்று மட்டும் எழுதுகிறேன். விடியலில் தகரத்தின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்துச் சொட்டுகிறது. உள்ளே நுழைந்தால் கண் எரிகிறது. அக்கா இப்போதெல்லாம் நாளைக்கு மூன்று தடவை சோகை மாற்றுகிறாள். தலையில் கட்டு கட்டாகச் சுமந்து கழுத்தைத் திருப்ப முடியவில்லை. முன்பு ஒரு தடவை போதுமாக இருந்தது. கபரியும் இன்னொன்றும் இருமுகின்றன. கேட்டால், "ஒண்ணுமில்லேடி, பனி" என்கிறாள்.

உங்கள்
பார்கவி

*

மஞ்சர்,
3.1.1999

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். இந்தக் கடிதத்தை எழுதக் கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் கேட்டாள். நான் செய்து கொடுக்கவில்லை.

நேற்றுக் காலை கபரி செத்துப்போயிற்று.

மூன்று நாளாகக் காய்ச்சல், மேல்மூச்சு. அக்காவுக்கு வைத்தியம் தெரியும், ஊசியும் போட்டாள். நிற்கவில்லை. நேற்று மாட்டு டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவர் கொட்டகைக்குள் போன வேகத்தில் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். "இது குளிரால் வந்ததில்லை. இப்படி யார் மூடினது?" என்று கேட்டார். 

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வயிறு நிறையப் பாலும் காய்ந்த படுக்கையும் இருந்தால் கன்று இந்தக் குளிரைத் தாங்கும். மேலே காற்று போக வழி வேண்டும். மூடிவிட்டால் அவற்றின் மூச்சும் மூத்திரத்தின் நெடியும் வெளியே போகாது. மூச்சின் ஈரம் தகரத்தில் பட்டுத் தண்ணீராகி அவற்றின் மேலேயே சொட்டும். அந்த நெடி நுரையீரலை அரிக்கும். சின்னதுதான் முதலில் விழும்.

டாக்டரின் மோட்டார் சைக்கிள் தெருமுனை திரும்புவதற்குள் அக்கா அரிவாளை எடுத்து நான்கு பக்கக் கயிற்றையும் அறுத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கட்டின அன்னிக்கு சாயங்காலமே தெரியும்."

"அப்புறம் ஏன்டி?"

"அப்பா அனுப்பினதுடி. நாலு வருஷத்துல அவர் கையால எனக்குன்னு வந்தது இது ஒண்ணுதான். இதையும் நான் வேண்டாம்னு எடுத்துட்டேன்னு அவர் காதுல விழணுமா? சோகையை மாத்தி மாத்திப் போட்டு சமாளிச்சுடலாம்னு பாத்தேன். முடியலே."

ஜெயந்தைக் கேட்டேன். அவருக்கும் தெரிந்திருக்கிறது. "அவள் அப்பா அனுப்பியதைக் கழற்று என்று நான் எப்படிச் சொல்வேன்? நான்தானே அவரிடமிருந்து அவளைக் கூட்டி வந்தவன்?" என்றார்.

ஒரு நாள்கூட உட்காராமல், கழுத்து வீங்க வீங்க அவள் சுமந்த கட்டுகளெல்லாம் உங்கள் தார்பாயைச் சரியென்று ஆக்குவதற்காகத்தான். அதற்காக அவள் மேல் கோபப்படவும் முடியவில்லை, கபரியை நினைத்தால் கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை.

"கன்னுக்குட்டி போச்சுன்னு தெரிஞ்சா அப்பா தாங்க மாட்டார். சாப்பிடவே மாட்டார். எழுதிடாதே" என்கிறாள். ஆனால் பதினாறு நாள் அவர்கள் இரண்டு பேரும் உங்களிடம் சொல்லப் பயந்ததால்தான் இது நடந்தது. நானும் உங்களிடம் பயப்படத் தொடங்கினால் இந்தக் குடும்பத்தில் யார் மிச்சம்?

மற்ற பத்தும் தேறுகின்றன. இருமல் குறைந்திருக்கிறது. தார்பாயை அவள் மடித்து உள்ளே பரண் மேல் வைத்திருக்கிறாள்.

உங்களை வருத்துவதற்கு மன்னியுங்கள்.

பார்கவி

*

போபோடி,
9.1.99

சௌபாக்கியவதி கோதைக்கு ஆசீர்வாதம்.

பார்கவியின் கடிதம் புதன்கிழமை வந்தது. அன்றும் மறுநாளும் நான் சாப்பிடவில்லை. நீ எப்படியும் ஊகித்துக்கொண்டு வருத்தப்படுவாய் என்பதால் எழுதுகிறேன். நேற்றிலிருந்து சாப்பிடுகிறேன்.

முப்பது வருஷமாகப் பண்டகசாலையில் வேலை பார்க்கிறேன். மழை முடிந்ததும் கிடங்குகளின் மேல் ஜன்னல்களைத் திறந்துவைக்கச் சொல்லி உத்தரவு போடுகிறவனே நான்தான். திறக்காவிட்டால் உள்ளே பெட்டிகள் வியர்த்துத் துருப்பிடிக்கும். இரும்புக்குச் செய்யத் தெரிந்தது கன்றுக்குச் செய்யத் தோன்றவில்லை. ஆறு டிகிரி என்று படித்ததும் எனக்கு நீ குளிரில் நிற்கிறாய் என்பது மட்டும்தான் மனதில் வந்தது. வேறு யாருக்கும் அனுப்பவில்லை என்று எழுதியது பொய்.

கன்று போனது என் அறியாமையால். அதை நான் யாரோடும் பங்கு போட்டுக்கொள்ளப் போவதில்லை.

ஆனாலும் உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நான்கு வருஷத்துக்கு முன்னால் நம் கூடத்தில் நின்றுகொண்டு, "நீங்க சொல்றது தப்புப்பா" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவள் நீ. அதை இத்தனை நாளும் திமிர் என்றே வைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் திமிர் பதினாறு நாள் எங்கே போயிற்று? மாட்டைப் பற்றி உனக்குத் தெரிந்ததில் நூற்றில் ஒன்று எனக்குத் தெரியாது. இருந்தும் என் தையலைப் பார்த்துவிட்டு உன் படிப்பையும் அனுபவத்தையும் மூட்டை கட்டி வைத்துவிட்டாய். என் பெண் எனக்கு அடங்காமல் கல்யாணம் செய்துகொண்டாள் என்பதை என்னால் தாங்க முடிந்திருக்கிறது. எனக்குப் பயந்து தெரிந்ததைச் செய்யாமல் இருந்தாள் என்பதை இந்த மூன்று நாளாகத் தாங்க முடியவில்லை.

இனி நான் எதை அனுப்பினாலும், எதைச் சொன்னாலும், தப்பென்று பட்டால் அன்றைக்கே தூக்கிப் போடு. தூக்கிப் போட்டதை எனக்கு எழுது.

நீ அந்தக் கொட்டகையில் செய்கிற வேலையைப் பற்றிப் பார்கவி எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று அம்மாவைக் கேட்டால் சொல்வாள். என் கீழ் வேலை பார்த்தவர்கள் எத்தனையோ பேர். சொல்லாமலே குனிந்து பார்க்கிறவர் ஒருவர்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

சங்கராந்தி கழிந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அம்மாவும் நானும் வரலாமென்று இருக்கிறோம். மாப்பிள்ளையையும் கலந்துகொண்டு, வரலாமா என்று நீ எழுது. இப்போது வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்றே எழுது. உன் கையெழுத்தில் பதில் வராமல் நான் பஸ் ஏற மாட்டேன்.

அப்பா
பட்டாபிராமன்