தம்பியின் கையில் இருக்கும் பெயர்

கண்ணகை அம்மன் துணை

குருக்கள்மடம்
20.07.1986

அன்புள்ள மகள் புஸ்பத்துக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகனும் என் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மனை நேர்ந்துகொண்டுதான் பேனையை எடுத்தேன். இங்கே நானும் அப்பாவும் தம்பியும் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம், இந்த நாளையில் சுகம் என்றால் அதுதான் சுகம். நீ அனுப்பிய படம் கிடைத்தது, பேரனைப் பார்த்தால் உன் அப்பாவின் நெற்றி அப்படியே இருக்கிறது, ஆனால் ஏன் பிள்ளையை இவ்வளவு மெலிய விட்டிருக்கிறாய், ஜேர்மனியில் மீன் கிடையாதா. உன் வளவுத் தென்னைகள் இரண்டும் இந்த வருசம் பாளை விட்டுவிட்டன. இந்தக் கடிதத்தை நான் இங்கே தபாலில் போடவில்லை. காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் சீலை கொண்டு வருவாரே பாறூக் காக்கா, அவர் நாளைக்குக் கொழும்புக்குப் போகிறார், அங்கே வெளிநாடு போகிற ஒருவரின் கையில் கொடுத்து விடுவதாகச் சொன்னார். ஆகையால் உள்ளதை உள்ளபடி எழுதலாம், எழுதத்தான் வேண்டும்.

விஷயம் உன் தம்பி யோகராசாவைப் பற்றியது. முதலே சொல்லிவிடுகிறேன், அவன் வீட்டில்தான் இருக்கிறான், இப்போது அடுப்படியில் இருந்து பலாக்கொட்டை சுட்டுத் தின்கிறான், நீ பதறாதே. பாடகர் மதுரவாணன் மேல் அவனுக்கு இருந்த பைத்தியம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நீ போன பிறகு அது எவ்வளவு முற்றியது என்று உனக்குத் தெரியாது. நீ இருந்தபோது கசற் கேட்பதோடு நின்றது. பிறகு தலைமயிர் அவரைப் போல, சேட்டுக் கொலர் அவரைப் போல, இருமினால் கூட அவரைப் போல. நீயும் சும்மா இருந்தாயா, அங்கே ஏதோ புத்தகத்தில் வந்த அவருடைய கலர்ப் படத்தை வெட்டி அனுப்பினாய், அதை இவன் சாமித்தட்டில் அம்மனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான், நான் விளக்கு வைக்கிற நேரமெல்லாம் அந்த மனிசனும் சிரித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். மதுரவாணனுக்குத் தொண்டையில் வருத்தம் என்று றேடியோவில் சொன்ன அன்று இவன் கஞ்சி கூடக் குடிக்காமல் விரதம் கிடந்தான். அதே கிழமை உன் அப்பா காய்ச்சலில் அனுங்கிக்கொண்டு கிடந்தார், அவருக்கு ஒரு கோப்பை கொத்தமல்லித் தண்ணீர் வைத்துக் கொடுக்க இவனுக்கு நேரம் இல்லை. இராசாத்தியின் சம்பந்தம் எவ்வளவு நல்ல சம்பந்தம், நீயும் ஆசைப்பட்டாய். பெண் பார்க்கப் போன இடத்தில் அந்தப் பிள்ளை பேச்சோடு பேச்சாக, அவர் மூக்காலதானே பாடுற என்று சொல்லிவிட்டாள். இவன் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டான், அப்பாவும் நானும் அந்த வீட்டில் முழித்துக்கொண்டு இருந்தோம்.

இதுகூடப் போகட்டும். இவர்கள் பதின்மூன்று பேர் சேர்ந்து ரசிகர் மன்றம் என்று ஒன்று வைத்து, இவன்தான் அதற்குச் செயலாளர். அவரைப் பெயர் சொல்லிச் சொல்ல மாட்டார்கள், தலைவர் என்றுதான் சொல்வார்கள். தலைவர் பாட்டு, தலைவர் பிறந்தநாள், தலைவருக்காக எதுவும் செய்வோம். இயக்கக்காரரும் தங்கள் ஆளை அப்படித்தான் சொல்வார்கள், இந்தக் கரையில் இந்த நாளையில் வாயில் வைக்கிற சொல்லா அது, நீயே சொல்லு. போதாததற்குப் போன வருசம் கோயில் சடங்குக்கு வந்த பச்சை குத்துகிறவளிடம் இடது கையை நீட்டி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் மதுரவாணன் என்று குத்திக்கொண்டு வந்து நின்றான். பெற்றவளின் பெயர் இல்லை, அப்பாவின் பெயர் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, வேறு ஒன்றும் அப்போது தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். இயக்கத்துக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் இப்போது இப்படித்தானே வாணன், மாறன் என்று நல்ல தமிழில் பெயர் வைத்துக்கொள்கிறார்கள்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். இதை உன்னிடம் மறைத்தால் எனக்கு நித்திரை வராது. அடித்துத் திருத்துகிற வயசு அவனுக்குப் போய்விட்டது, வெட்கப்படுத்தித் திருத்தலாம் என்று நினைத்து அவனைப் பற்றி ஒரு கவி கட்டினேன். வாவிக்கு அந்தப் பக்கம் எங்கள் வயல் வட்டையில் சிறுபோகத்துக்குக் களை பிடுங்கும்போது பெண்டுகள் கேட்டுக் கேட்டுப் பாட வைத்தார்கள், ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகக் கூடிப் பதினொரு கவி வந்துவிட்டது. அவரைப் போலத் தலைமயிர் வாரி வாரிச் சீப்பு ஒடிந்ததில் தொடங்கி, விரதம், பெண் பார்த்தது எல்லாம் கதையாகப் போகும். இவன் வயலில் நிற்கும்போதே இவன் காதுபடப் பாடுவோம், இவனுக்கு முகம் கறுக்கும், எனக்கு உள்ளுக்குள்ளே சந்தோசம். அதில் ஒன்று இது:

தாய் கேட்டா ஒரு குடம் தண்ணி அள்ளித் தரமாட்டான்
மதுரவாணன் பேர் சொன்னா – எங்கட
மன்னன் உசிர் தருவான்

முதல் அடியை ஆர் நினைவில் வைத்திருந்தார்கள். தோணியில் போய்வருகிற சின்னஞ்சிறுசுகள் கடைசி இரண்டு அடியையும் பிடித்துக்கொண்டு, மதுரவாணன் பேர் சொன்னா மன்னன் உசிர் தருவான் என்று கை தட்டித் தட்டிப் பாடிக்கொண்டு திரிந்தார்கள். துறையடியில் இப்போது ஆமிக்காரர் காவலுக்குச் சென்றி போட்டிருக்கிறார்கள். அங்கே தமிழ் தெரிந்த ஒருவன் நிற்கிறான். அவன் பிள்ளைகளை மறித்து, ஆர் இந்த மதுரவாணன் என்று கேட்டிருக்கிறான். அதுகளுக்கு என்ன தெரியும், பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த யோகராசாவைக் காட்டி, அந்தா, அவர்ட கையில எழுதிக் கிடக்கு என்று சொல்லியிருக்கின்றன. சேட்டை மடிக்கச் சொன்னார்கள், மடித்தான். ஆர் இது என்று கேட்டார்கள். அந்த நேரத்தில் ஒரு பாட்டுக்காரன் என்று சொல்லியிருக்கலாம் அல்லவா. உன் தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அவர்தான் எங்கட தலைவர் என்று சொல்லியிருக்கிறான்.

அவனை ஆமிக் காம்புக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்று தோணிக்காரர்தான் ஓடிவந்து சொன்னார் மகள். அப்பா உடனே உள்ளே போய், மன்றத்துப் பிள்ளைகள் பதின்மூன்று பேரின் பெயரும் விலாசமும் எழுதிய கொப்பியை எடுத்து அடுப்பில் வைத்தார், எரிந்து முடியும் வரைக்கும் பக்கத்திலேயே குந்திக்கொண்டு இருந்தார். அவருக்கு அவ்வளவு புத்தி அந்த நேரத்தில் எங்கிருந்து வந்ததோ தெரியாது. அன்று பின்னேரம் காம்பு வாசலில் போய் நின்றோம், உள்ளே விடவில்லை. அடுத்த நாளும் நின்றோம். லொறியில் ஏற்றித் தெற்கே சிறைக்கு அனுப்பிவிட்டால் பிறகு எந்த வாசலில் போய் நிற்பது என்று அதுதான் எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. கசற்றுகளைக் காட்டலாம் என்று கொண்டு போனேன், எல்லாம் கடையில் பதிவு செய்தவை, அட்டையில் மதுரவாணன் என்று யோகராசாவின் கையெழுத்து மட்டும்தான். அது இன்னும் பிழையாகப் போய்விட்டது. பேச்சுக்களா என்று கேட்டார்கள்.

மூன்றாம் நாள் பாறூக் காக்கா தானாக வந்தார். சீலை விற்றுத் திரிந்த பழக்கத்தில் அவருக்குச் சிங்களம் நல்லாகத் தெரியும். காலம் கிடக்கிற கிடையில் எங்களுக்காக அந்த வாசலுக்கு வர அவருக்கு என்ன தேவை, ஆனால் வந்தார். காம்புப் பெரியவனோடு கதைத்துவிட்டு என்னிடம் வந்து, தங்கச்சி, பாட்ட முழுக்க அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க, நான் ஒவ்வொண்ணாச் சொல்றன், வேற வழி இல்ல என்றார். துவக்கு வைத்திருக்கிற ஏழெட்டுப் பேருக்கு முன்னால், ஒரு மரவாங்குக்குப் பக்கத்தில் நின்று, உன் அம்மா பதினொரு கவியும் பாடினேன். யோகராசாவைக் கொண்டு வந்து ஒரு பக்கத்தில் இருத்தியிருந்தார்கள், அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்று பாட பாறூக் காக்கா ஒன்று சொல்ல, முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை. இராசாத்தி வீட்டில் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பின கவி வந்தபோது பின்னால் நின்ற ஒருவன் சிரித்துவிட்டான். பிறகு பெரியவனும் வாயைப் பொத்தினான். தாய்க்குத் தண்ணீர் அள்ளித் தரமாட்டான் என்கிற அடியை மட்டும் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டான், கேட்டுவிட்டு யோகராசாவைப் பார்த்து ஏதோ சொன்னான். தாயைச் சிறை வாசலுக்குக் கொண்டு வந்த உனக்கு அந்தப் பாட்டுக்காரன் என்ன தந்தான் என்று கேட்டதாகப் பாறூக் காக்கா சொன்னார். எனக்கு அந்த மனிசனிடம் பயம் போகவில்லை, ஆனால் கேட்டது நான் கேட்க நினைத்ததுதான். அன்று மத்தியானம் விட்டார்கள். அடித்தார்களா என்று கேட்டேன், இல்லை அம்மா என்றான், நான் மேலே கேட்கவில்லை. கிணற்றடியில் தோய வார்த்தபோது முதுகை எனக்குக் காட்டவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை அவனே சாமித்தட்டில் இருந்து எடுத்தான். கிழிக்கவில்லை, மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தான். எனக்கு அது போதும். விடிந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போகிறான், மூன்று குடம் போதும் என்றால் ஏழு குடம் அள்ளி வைக்கிறான், வைத்த தண்ணீரை ஊற்ற இடமில்லாமல் நான் வாழைக்கு ஊற்றுகிறேன். அவனைச் சிரிக்கப் பண்ணத்தான் பார்க்கிறேன், சிலநேரம் சிரிக்கிறான். ஆனால் கையில் இருப்பது கையில்தானே இருக்கிறது. அப்பா ஒருநாள் அலவாங்கு இரும்பை அடுப்பில் காய்ச்சிக்கொண்டு வந்து, வா மனே, இத அழிச்சுப் போடுவம் என்று கூப்பிட, இவனும் கையை நீட்டிவிட்டான். நல்ல காலம், பாறூக் காக்கா அந்நேரம் சீலைக்கட்டோடு வந்து நின்றார். சுட்ட தழும்பக் கண்டா அவங்க வேற கணக்கெல்லாம் நினைப்பாங்க, எழுத்தே கிடக்கட்டும் என்று தடுத்துவிட்டார். அப்பா அலவாங்கைப் போட்டுவிட்டுச் சின்னப்பிள்ளை போல அழுதார். நீளக் கைச் சேட்டுப் போட்டால் ஏன் மறைக்கிறாய் என்று மடிக்கச் சொல்கிறார்கள். இப்போது என்ன ஏற்பாடு என்றால், துறையைக் கடக்கிற ஒவ்வொரு நாளும் அவன் சேட்டை மடித்துக் கையைக் காட்டி, என் கவியில் இரண்டையாவது பாடிவிட்டுப் போக வேண்டும். அவர்களுக்கு அது பகிடி. போன கிழமை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். தன்னைப் பழித்த பாட்டை அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு பாடுகிறான், அதுவும் அந்த மதுரவாணனின் குரலில்தான் வருகிறது, பழகின தொண்டை என்ன செய்யும். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தோணியில் போய் ஏறினேன்.

அடுத்த மாதம் இந்தச் சென்றியில் நிற்கிறவர்களை மாற்றுகிறார்களாம். வருகிறவர்களுக்கு இந்தக் கதை தெரியாது, எனக்கும் ஒவ்வொரு காம்பு வாசலிலும் நின்று பாடக் குரல் இல்லை. ஆகையால் உன்னிடம் கேட்கிறேன், நீயும் மருமகனும் போன வழி இன்னும் திறந்திருந்தால் தம்பியை அங்கே எடுத்துவிடு. ஆம்பிளைப் பிள்ளை ஒன்றையாவது என் கண்ணுக்குள் வைத்திருப்பேன் என்று உன்னைப் பயணம் அனுப்பிய அன்று சொன்னவள் நான், இப்போது நானே கேட்கிறேன், வேறு ஒன்றும் என்னைக் கேட்காதே. அப்பாவும் ஓம் என்று சொல்லிவிட்டார்.

உனக்கும் மருமகனுக்கும் பேரனுக்கும் அம்மன் காவல் இருக்கட்டும், நீண்ட ஆயுசோடு இருங்கள். பிள்ளைக்குக் காதை மூடித் தொப்பி போடு, எண்ணெய் வைக்க மறக்காதே. தம்பி வந்து சேர்ந்தால் அவனை ஏச வேண்டாம், பாட்டுக் கேட்க ஆசைப்பட்டால் கேட்கட்டும். குளிருக்கு என்ன போட்டாலும் போடாவிட்டாலும் பரவாயில்லை, அங்கே அவன் கையை வாசிக்க ஒருவருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகப் படலையைப் பார்த்திருக்கும்
அம்மா
நல்லரத்தினம் சீதேவிப்பிள்ளை