இத்தாவில் எடுத்த தேன்சிட்டு

என் உயிர் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனை எடுத்ததும் நீங்கள்தான் முதலில் ஸலாம் சொல்வீர்கள், நான் பதில் சொல்வேன். இப்போது இரண்டையும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் மௌத்தான செய்தியை உங்கள் அறைத் தோழர்தான் சொன்னார். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். துபாயிலேயே அடக்கினார்கள். இத்தனை வருஷம் கேமராக் கடையில் நின்று ஊருக்கெல்லாம் லென்ஸ் விற்ற உங்கள் முகத்தை, கடைசியாக ஒரு கைபேசித் திரையில் பார்த்தேன். படம் ஆடிக்கொண்டே இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு இத்தா. புருஷனை இழந்தவள் வெளியே இறங்காமல் வீட்டுக்குள் இருக்க வேண்டிய காலம். வெள்ளைச் சேலையும் பின்பக்கத்து அறையும் என்று ஆகிவிட்டது. வந்தவர்கள் அழுதார்கள், யாசீன் ஓதினார்கள், போனார்கள். அப்புறம் கீழக்கரையில் இவ்வளவு பெரிய வீட்டில் உம்மாவும் நானும் மட்டும். பிள்ளை இருந்திருந்தால் அதன் சத்தமாவது கேட்டிருக்கும். அதைப் பற்றி நாம் ஒரு நாளும் மனம்விட்டுப் பேசவில்லை. ஏன் மச்சான்?

மற்றவர்கள் லீவுக்கு வரும்போது தங்கமும் சென்ட்டும் கொண்டுவருவார்கள். என் குருவிப் பித்து தெரிந்து நீங்கள் முதலில் கேமரா கொண்டுவந்தீர்கள். அடுத்த முறை முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். கடைசியாக வந்தபோது உள்ளங்கைக்குள் அடங்குகிற டெலிகன்வர்ட்டர். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டினால் தூரத்துக் குருவி இன்னும் கிட்ட வரும் என்றீர்கள். "ஆனா வெளிச்சத்தக் கொஞ்சம் தின்னுரும் புள்ளே, ஃபோகஸும் தடுமாறும்" என்று எச்சரிக்கவும் செய்தீர்கள். நீங்கள் ஒரு குருவியைக்கூடப் படம் எடுத்ததில்லை. நான் அனுப்பியதைத்தான் கடைக்கு வருகிறவர்களிடம் காட்டுவீர்களாம், என் வீட்டுக்காரி எடுத்தது என்று.

இத்தா தொடங்கிக் கொஞ்ச நாள் கழித்து, ஜன்னலுக்கு வெளியே ஒரு குருவிச் சத்தம். பின்வீட்டு சொகரா லாத்தாவின் கொல்லையில், சுவருக்குச் சுவர் தொங்குகிற கேபிள் கம்பியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டிக்கொண்டிருந்தது. பெண் குருவி நாரும் சிலந்தி வலையும் கொண்டுவந்து ஒட்டிக்கொண்டே இருந்தது. ஆண் குருவி ஒரு வேலையும் செய்யவில்லை. கம்பியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. போனில் பேசியே குடும்பம் நடத்துகிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்தேன். நீங்கள் போனபிறகு அன்றுதான் முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் அழுகையும் வந்தது.

பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தேன். பெருவிரல் அளவுப் பறவை அது. லென்ஸ் மட்டும் போதவில்லை, டெலிகன்வர்ட்டரையும் மாட்டினேன். நீங்கள் சொன்னது போலவே ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்தது. ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டுக் கையாலேயே லென்ஸ் வளையத்தைத் திருகித் திருகிப் பிடித்தேன். கண்ணுக்குள் அந்தக் குருவி வந்து உட்கார்ந்தபோது, வீட்டுக்குள் இருக்கிறேன் என்பதே மறந்துபோனது.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. ஒரு நாள் சொகரா லாத்தா உம்மாவைத் தேடி வந்தார். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

"ஒங்க மக இங்கேருந்து கேமராவ எங்க கொல்லைப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்காளாம். பொம்பளப் புள்ளைக குளிச்சிட்டு வார எடம். இத்தாவுல இருக்கிறவ செய்யிற வேலையா இது?" என்றார்.

லாத்தா போனதும் உம்மா ஜன்னலைச் சாத்தினார், லென்ஸைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். புருஷன் இல்லாத மகளைப் பற்றி ஊர் ஒரு வார்த்தை பேசினால் அதைத் தாங்கவேண்டியவர் அவர்தானே.

சாத்திய ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து குருவிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? விட்டுரு புள்ளே என்றா, போய்ப் பேசு என்றா? வேறு யாரிடமும் கேட்க எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் உம்மாவிடம் கெஞ்சினேன், லாத்தாவை ஒரு தடவை கூட்டி வாருங்கள், எடுத்ததை எல்லாம் அவரே பார்க்கட்டும் என்று. நான் போக முடியாது, அவர்தான் வரவேண்டும். வந்தார். முகம் இறுகியிருந்தது. கேமராவின் பின்திரையில் முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். குருவி, கூடு, மறுபடியும் குருவி. நடுவில் ஒரு படத்தில் அவரே கையை நீட்டி நிறுத்தினார்.

"பின்னாடி பச்சையா இருக்கே, அது என்னது?"

"நீங்கதான் லாத்தா. பச்சைச் சேலையில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தீங்க. இந்த லென்ஸுல பின்னால இருக்கிறது எல்லாம் கரைஞ்சுபோகும். ஆளு அடையாளமே தெரியாது."

அவர் திரையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "நானா இது?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் என் தலையில் கை வைத்தார். இருந்தாலும் கொல்லையில் பெண்கள் நடமாடும்போது எடுப்பது தனக்கு ஒப்பவில்லை என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, நானும் ஒத்துக்கொண்டேன். குளித்துத் துவைத்து எல்லோரும் உள்ளே போனதும் தானே வந்து கையசைப்பதாகவும், அதன்பிறகு ஜன்னலைத் திறந்துகொள்ளலாம் என்றும் சொன்னார். உம்மா பீரோவைத் திறந்தார்.

மறுநாளிலிருந்து லாத்தா கொல்லை நடுவில் வந்து நின்று என் ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். நான் எந்தப் பக்கமும் போகமுடியாத அந்த நாட்களில், வெளியிலிருந்து எனக்கென்று வந்தது அது ஒன்றுதான்.

குஞ்சு இரண்டு. வாயைத் திறந்தால் உள்ளே செக்கச் சிவப்பு. முதலில் ஒன்று பறந்தது, அடுத்த நாள் இன்னொன்று. இரண்டாவது கம்பியை விட்டுக் கிளம்புகிற படம் கிடைத்தது. இறகு கொஞ்சம் கலங்கியிருக்கிறது, கண் மட்டும் ஊசி முனை போல இருக்கிறது. அப்புறம் கூடு வெறுமையாகத் தொங்கியது. எடுக்க ஒன்றுமில்லை என்று லாத்தாவுக்கும் தெரியும். ஆனாலும் மறுநாளும் வந்து நின்று கையசைத்தார். என் இத்தா முடிகிறவரை ஒரு நாளும் தவறவில்லை.

இத்தா முடிந்துவிட்டது மச்சான். எல்லோரும் இனி வெளியே போய் வா என்கிறார்கள். எங்கே போவது? போன வாரம் ஆட்டோ பிடித்து ஏர்வாடி போகிற வழியில் உப்பளத்துப் பக்கம் இறங்கினேன். வானம்பாடி ஒன்று பாடிக்கொண்டே மேலே மேலே ஏறி, பிறகு இறகை மடக்கிக் கல் போல விழுந்தது. தரையைத் தொடுவதற்குள் மறுபடி ஏறியது. நிறைய எடுத்தேன். வீட்டுக்கு வந்து மூன்று படங்களை ஒதுக்கி வைத்தேன். எப்போதும் மூன்று அனுப்புவேன், நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பீர்கள். இந்த மூன்றில் எது நல்ல படம்? நானே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்தான். கை வரவில்லை. மூன்றும் அப்படியே இருக்கின்றன.

உங்கள் அறைத் தோழர் உங்களை அடக்கிய கபரின் படம் அனுப்பியிருந்தார். மணலும் ஒரு கல்லும். மரம் இல்லை, நிழல் இல்லை. அந்தப் பக்கம் குருவி ஏதாவது வருமா என்று கேட்டேன். கவனிக்கவில்லையே அக்கா என்றார். காலையில் உங்களுக்குப் பக்கத்தில் எந்தச் சத்தம்தான் கேட்கிறது மச்சான்?

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். நீங்கள் அங்கே இருந்த காலத்தில் ஒரு தடவைகூட அந்த ஊருக்கு நான் வந்ததில்லை, இப்போது வருகிறேன். உம்மாவுக்கு இன்னும் மனசில்லை, சொல்லிச் சம்மதிக்க வைப்பேன். லென்ஸையும் கன்வர்ட்டரையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, உங்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, தள்ளி ஓரமாக உட்காருவேன். ஏதாவது ஒரு குருவி அங்கே வந்து இறங்கும். அதன் பேரை உங்களுக்குச் சொல்லாமல் திரும்ப மாட்டேன்.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
மஹ்மூதா