டிரஸ்டுக்கு ஒரு மொய் விருந்து

பேராவூரணி
28.6.2024

அன்புள்ள மாளவிகாவுக்கு,

ஞானாம்பாள் எழுதுவது. நானும் வீட்டுக்காரரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் பிஸ்கட்தானா? போனில் பேசினால் சிரித்தே பொழுதைப் போக்குகிறேன் என்று நீதான் எழுதச் சொன்னாய். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து, திட்டாமல் படி.

உங்கள் டிரஸ்டுக்குப் பணம் கேட்டு நீ அனுப்பிய நோட்டீஸ் எல்லாம் ஒட்டியாகிவிட்டது. ஸ்கேன் பண்ணிப் பணம் போடும் அட்டையை டீக்கடையில் வைத்தேன். ஒருத்தர் டீக்காசை அதில் போட்டுவிட்டுப் போய்விட்டார். கடைக்காரர் என்னோடு சண்டை. இதுவரை வசூல் அந்த டீக்காசுதான்.

பணம் சேராவிட்டால் புரட்டாசியோடு நர்ஸ் வண்டி நின்றுவிடும் என்கிறாய். நர்ஸ் ஷம்சாத் வீடு வீடாகப் போய்க் கட்டுப் போடாவிட்டால் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவர்கள் கதி என்ன? என் மாமியார் முதுகுப்புண் ஆறி நிம்மதியாய்ப் போய்ச் சேர்ந்தது அவளால்தான்.

எங்கள் பக்கம் கூப்பிட்டுச் சோறு போடாமல் யாரும் பணம் தரமாட்டார்கள். ஆடியில் ஒரு மொய் விருந்து வைப்போமா? கறிச்சோறு போட்டால் சனம் தானாக வந்து எழுதும். கேட்டுச் சொல்.

இப்படிக்கு,
உன்னைக் கிண்டல் செய்யாவிட்டால் சோறு இறங்காத
ஞானாம்பாள்


சென்னை
5.7.2024

அன்புள்ள ஞானாம்பாள் அக்கா,

உங்கள் கடிதத்தை ஆபீசில் சத்தமாகப் படித்தேன். டீக்காசுக்கு ரசீது யார் பெயரில் போடுவது என்று கணக்குப் பிரிவில் கேட்கிறார்கள்.

நிதி திரட்டுவதுதான் என் வேலை. மாரத்தான் நடத்தியிருக்கிறேன், கச்சேரி வைத்திருக்கிறேன். மொய் விருந்து இதுதான் முதல். நிறையத் தெரிந்துகொள்ள வேண்டும். யார் பெயரில் அழைப்பது? முன்பின் தெரியாத டிரஸ்டுக்காக வருவார்களா? கறி வாங்கிய செலவு போக மிஞ்சுமா?

டைரக்டர் சரி என்றுவிட்டார். அழைப்புப் பத்திரிகையில் ‘நன்கொடை’ என்று கட்டாயம் போட வேண்டுமாம்.

அன்புடன்,
மாளவிகா


பேராவூரணி
12.8.2024

அன்புள்ள மாளவிகாவுக்கு,

நீ வராமல் போனது உனக்குத்தான் நஷ்டம். பந்தி பந்தியாய் உட்கார்ந்து எழுந்தார்கள். மொய் எழுதும் இடத்தில் கம்ப்யூட்டர், வாசலில் மைக் செட். கறிச் செலவெல்லாம் போக, வண்டி இரண்டு வருசம் ஓடும்.

டிரஸ்டுக்கு மாமன் மச்சான் கிடையாதே, அதனால் அழைப்பவர் என்று என் பெயரைப் போட்டேன். ‘நன்கொடை’ என்றும் அடியில் சின்னதாகப் போட்டோம். யாரும் படிக்கவில்லை.

வீட்டுக்காரர்தான், “இந்த வருசம் நம்ம முறைடி, தோப்புல போர் போடலாம்னு இருந்தேன்” என்று முறைத்துக்கொண்டு திரிந்தார். அன்றைக்குப் பார்த்தால் கறி வாளியோடு அவர்தான் முதல் ஆள்.

எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் மெட்ராஸில் முகம் தெரியாதவர்கள் பணம் போடுகிறார்களே, அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு உங்கள் ஆபீசிலிருந்து யார் போய்த் திருப்பிச் செய்கிறீர்கள்? தினமும் அத்தனை வீட்டில் சாப்பிட்டுமா நீ இப்படி ஒல்லியாக இருக்கிறாய்?

ஞானாம்பாள்


சென்னை
26.8.2024

அன்புள்ள அக்கா,

யாரும் எதையும் திருப்பிச் செய்வதில்லை. ஒரு ரசீது, ஒரு நன்றிக் கடிதம், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு வாரமாக ஆபீசுக்குக் காதுகுத்து, புதுமனை என்று பேராவூரணியிலிருந்து பத்திரிகைகள் வந்துகொண்டிருக்கின்றன. எங்களுக்கு எதற்கு என்று ஷம்சாத்திடம் கேட்டேன். அப்போதுதான் புரிந்தது, மொய் என்றால் அவர்கள் வீட்டு விசேஷத்தில் திரும்பச் செய்ய வேண்டிய பணம் என்று. ஏன் அக்கா என்னிடம் சொல்லவில்லை?

திருப்பித் தர வேண்டியது நன்கொடை ஆகாது என்கிறார் ஆடிட்டர். எழுதியவர்கள் எல்லோரும் ‘திரும்ப எதிர்பார்க்கவில்லை’ என்று கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதுவரை ஒரு ரூபாயைத் தொடக்கூடாது. முடியாவிட்டால் புரட்டாசியில் வண்டி நின்றுவிடும். பேப்பர்களை அனுப்பியிருக்கிறேன்.

மாளவிகா


பேராவூரணி
9.9.2024

அன்புள்ள மாளவிகாவுக்கு,

உனக்குத் தெரியாது என்று எனக்கு எப்படித் தெரியும்? வாங்கினால் செய்ய வேண்டும் என்று யாராவது எழுதி ஒட்டுவார்களா? உங்கள் டிரஸ்டும் ஒரு வீடு மாதிரி வந்து போகும் என்றுதான் நினைத்தேன்.

பேப்பரை எடுத்துக்கொண்டு முதலில் தியாகராசன் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

“ஏன், எங்க வீட்டுப் பந்தியில உக்கார உங்க டிரஸ்டுக்கு மானக்கேடா இருக்கா?”

“அப்படின்னா பணத்தைத் திருப்பி வாங்கிக்குங்கண்ணே.”

“தின்னுட்டு எந்திரிச்ச இலைக்குக் காசு திருப்பி வாங்கவா? போம்மா, வேலையப் பாரு.”

மாலதி கதவையே சாத்திவிட்டாள். பிறகு ஜன்னல் வழியாக, “காப்பி குடிக்கிறதுன்னா உள்ள வாக்கா. அந்தப் பேப்பர வெளியில வச்சிட்டு வா” என்றாள். குடித்துவிட்டு வந்தேன். இப்படியே ஊர் முழுக்க. கையெழுத்தும் இல்லை, பணத்தைத் தொடவும் ஆள் இல்லை.

கடைசியில் உட்கார்ந்து யோசித்தேன். கூப்பிட்டது நான். அப்படியென்றால் மொய் வாங்கியதும் நான்தான். என் பணத்தை நான் டிரஸ்டுக்கு நன்கொடையாகக் கொடுக்கிறேன். இத்தோடு இருக்கும் பேப்பரில் ஒரே கையெழுத்து, என்னுடையது. ஆடிட்டரிடம் காட்டு. வந்த பத்திரிகைகளை எனக்கு அனுப்பிவிடு, விசேஷங்களுக்கு நான் போய்க்கொள்கிறேன்.

“சாகுற வரைக்கும் மொய் எழுதணும்டி” என்றார் வீட்டுக்காரர். “நல்லதாப் போச்சு, சாகுற வரைக்கும் கறிச்சோறு” என்றேன். சிரித்துவிட்டார். சிரித்த பிறகு, தோப்பைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார்.

ஞானாம்பாள்


சென்னை
18.9.2024

அன்புள்ள அக்கா,

ஆடிட்டர் ஒப்புக்கொண்டார். வண்டி நிற்காது. ஆபீசில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் சந்தோஷப்பட முடியவில்லை. ஒரு வீட்டுக்கு அஞ்சு வருடத்துக்கு ஒரு தடவைதான் விருந்து வைக்கும் முறை வரும் என்று இப்போதுதான் ஷம்சாத் விளக்கினாள். உங்கள் முறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, கடனையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள்.

பத்திரிகைகளை அனுப்பியிருக்கிறேன், ஒன்றைத் தவிர. தியாகராசன் அண்ணன் பேத்தி காதுகுத்தை நான் வைத்துக்கொண்டேன். அதற்கு நான் வருகிறேன், என் சம்பளப் பணத்தோடு. மற்றதையும் முடிந்தபோதெல்லாம் செய்கிறேன். வேண்டாம் என்று எழுதாதீர்கள். இத்தனை வருடமாக ஊராரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். எவர் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை.

மொய் எழுதுகிறவர் முதலில் ஊர் கேட்பாராமே. நான் எந்த ஊர் என்று சொல்வது?

மாளவிகா


பேராவூரணி
24.9.2024

அன்புள்ள மாளவிகாவுக்கு,

வா. பஸ் ஸ்டாண்டில் வீட்டுக்காரர் ஸ்கூட்டரோடு நிற்பார். எந்த ஊர் என்றால் பேராவூரணி என்று சொல். யார் வீடு என்றால் என்னைக் கை காட்டு.

ஆனால் நன்றாக யோசித்துக்கொள். மொய்க் கணக்கில் ஒரு தடவை பேர் ஏறிவிட்டால், உன் கல்யாணத்துக்கு நாங்கள் அத்தனை பேரும் பஸ் பிடித்து மெட்ராஸ் வந்துவிடுவோம். தியாகராசன் அண்ணன் இப்போதே ஜன்னலோர சீட் கேட்கிறார்.

உன் அக்கா,
ஞானாம்பாள்