மரத்தடிக் கல்லும் ஆன்டியோட மணையும்

அம்மா, வணக்கம். முட்டி வலி பரவால்லயா? சுகர் மருந்த நிறுத்திடாதீங்க. பிரிக்ஃபீல்ட்ஸ்ல நான் நல்லாத்தான் இருக்கேன்.

காலேஜ விட்டுட்டு அப்படி என்ன வேலன்னு கேட்டீங்களே. ஷூட்டிங்ல கேமரா வண்டிக்குத் தண்டவாளம் போடுறேன். தரை எங்கயும் சமமா இருக்காதும்மா. மேடான இடத்துல ஆரம்பிச்சு, பள்ளத்துக்கெல்லாம் பலகை, ஆப்பு செருகி ஏத்தணும். இல்லன்னா படம் ஆடும்.

நேத்து கிள்ளான்ல, எங்க டீம் தலைவர் விமலன் அண்ணே முதல் தடவையா என்னைத் தனியா போடச் சொன்னாரு. ஆடுச்சுன்னா மறுபடியும் சாமான் தூக்குற வேலதான். கடைசில ஆப்பு பத்தல. மரத்தடியில தட்டையா ஒரு கல்லு கெடந்துச்சு, எடுத்து அடியில வச்சேன். பக்கத்து வீட்டு ஆன்டி ஓடி வந்தாங்க.

"டேய், முனியாண்டிய எங்கடா தூக்கிட்டுப் போன?"

மழைல மஞ்சள் குங்குமமெல்லாம் கரைஞ்சிருச்சு, எனக்கு எப்படித் தெரியும்? கல்லக் கழுவி, இருந்த இடத்துலயே வச்சு, சூடம் கொளுத்திக் கும்பிட்டேன்.

"இப்ப அந்தப் பள்ளத்துல நீயே படுத்துக்கோ லா"ன்னாரு விமலன் அண்ணே.

ஆன்டிதான் திட்டிக்கிட்டே அவங்க உக்கார்ற மணையக் கொண்டாந்து குடுத்தாங்க. கச்சிதமா உக்காந்துச்சு. படம் ஆடவே இல்ல.

அப்புறம் சோறும் போட்டாங்க. குழம்புல உப்பே இல்ல. ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேன்.

தம்பி சுங்கை பட்டாணிலேர்ந்து வர்றப்ப உங்க மிளகாத்தூள் கொஞ்சம் குடுத்து விடுங்க. சமைக்கிறதுக்கு இல்ல, நம்ம வீட்டு வாசத்துக்கு சும்மா ரூம்ல இருக்கட்டும்.

லோரி வந்து ஹார்ன் அடிக்குது. இன்னிக்கு ஆத்தங்கரையில, தரை இன்னும் மோசமாம். போடப் போறது நான்தான். வரேன்மா.

தினேஷ்வரன்