ஓதம் ஏறாத சுவர்

அக்டோபர் 5

அன்புள்ள செம்மொழி,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, எழுதிப் பார்ப்போம் என்றாய். எழுதுகிறேன். இந்த மலையில் டவரும் சரியாகக் கிடையாது. நீ எழுதினால் பஸ் நிற்கும் இடத்தில் ரெத்தினம் அண்ணன் கடையில் வைத்துவிடுவார்கள். போய் வாங்கிக்கொள்வேன்.

உன்னைக் கேட்காமல் வாங்கிய வீடு. அதனால் முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று பக்கம் பலகைச் சுவர். பின்பக்கம் மட்டும் கல். அதன் பின்னால் ஓர் ஆள் நுழையும் சந்து. சந்துக்கு அப்பால் மலையைத் தாங்கி நிற்கும் தடுப்புச்சுவர். அதற்கு மேல் காப்பித் தோட்டம். அதற்கு மேல் மேகம். சில நாள் மேகம் உள்ளேயே வந்துவிடுகிறது.

முன்பு இருந்தவர்கள் பலகை முழுக்க ஆஸ்பத்திரி நீலம் அடித்திருக்கிறார்கள். நானும் வத்தலக்குண்டிலிருந்து வரும் பெயின்டர் ஃபாஜில் பாயும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறோம். நீலத்துக்கு அடியில் மஞ்சள். மஞ்சளுக்கு அடியில் இன்னொரு நீலம். மரம் இன்னும் வரவில்லை.

தளிர் அறைக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டுச் சொல்.

பரிதி


மன்னார்குடி
அக்டோபர் 11

பரிதி,

உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று. பல்கலைக்கழகத்தில் என் நோட்டைப் பார்த்து எழுதிய அதே கோழிக் கிறுக்கல்.

உன் மகள் முதலில் ஊதா என்றாள், பிறகு ரோஸ் என்றாள், கடைசியில் ஜன்னலுக்கு வெளியே நாற்றங்காலைக் காட்டினாள். அந்தப் பச்சை வேண்டுமாம்.

நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். மழை தொடங்கும் முன்பே அவளுக்கு வீசிங் வந்துவிட்டது. ஓதம் ஏறிய சுவர் பக்கத்தில் படுக்கவைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரையாண்டு லீவுக்கு அவளை அழைத்து வருகிறேன். சுவர் காய்ந்திருந்தால் தங்குகிறோம். ஜூனில் அங்கேயே பள்ளிக்கூடம் பார்க்கலாம். இல்லையென்றால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அதற்குப் பிறகு நாம் மூவரும் ஒரு வீட்டில் இருப்பது பற்றி நீயும் பேசாதே, நானும் பேச மாட்டேன். மிரட்டல் இல்லை. நீ போய் எனக்கும் இரண்டு வருஷம் ஆகிறது.

உன் அம்மா வந்திருந்தார். அம்சம் அத்தைக்கு என்மேல் அதே பழைய குறை. "புருஷன பேரு சொல்லிக் கூப்புடுறவளுக்கு மலை என்ன, கடல் என்ன." போகும்போது உனக்கென்று முறுக்கு கொடுத்தார். தளிர் தின்றுவிட்டாள்.

செம்மொழி


அக்டோபர் 22

அன்புள்ள செம்மொழி,

ஒளிக்காமல் எழுதுகிறேன். ஓதம் இருக்கிறது.

பலகைகள் நன்றாக வந்துவிட்டன. மரம் தெரிந்தது, வார்னிஷ் அடித்தோம், வீடே தேன் நிறமாகிவிட்டது. பின்சுவர்தான் கேட்க மாட்டேன் என்கிறது. பட்டி பார்த்துப் பிரைமர் அடித்தால் மறுநாள் அப்பளம் போலப் பொரிந்து நிற்கிறது. விரல் பட்டால் உதிர்கிறது. தளிரின் கட்டில் போட வேண்டிய இடம் அந்தச் சுவரோரம்தான். வேறு இடம் இல்லை.

காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. தடுப்புச்சுவரில் வரிசையாக ஓட்டைகள், குழாய் செருகியவை. மலைக்குள் ஊறும் தண்ணீர் அவற்றின் வழியே ஓயாமல் சந்தில் கொட்டுகிறது. தெறித்து வீட்டுச் சுவரில் ஏறுகிறது.

உன் அப்பாவிடம் கேட்டுப் பார். என்னோடு பேச மாட்டார். தண்ணீரைப் பற்றி என்றால் பேசுவார்.

பரிதி


மன்னார்குடி
அக்டோபர் 29

பரிதி,

அப்பா கடிதத்தைத் திரும்பவும் படிக்கச் சொன்னார். பிறகு குச்சியை எடுத்து வாசல் மண்ணில் கோடு போட்டார். "தண்ணி வாய் வச்ச எடத்த மொதல்ல அடைக்கணும். மேல ஒரு வரப்பப் போட்டா அது தானா வேற பக்கம் திரும்பிக்கும். மாப்பிள்ளைக்கு எழுது."

மாப்பிள்ளை என்றார். கவனித்தாயா. நீ போன பிறகு இந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. அப்பா வைரக்கண்ணுவின் வாயிலிருந்தே வந்தது.

எனக்கும் சரியாகத்தான் படுகிறது. எலி வளை வழியாக வயல் தண்ணீர் ஒழுகினால் அப்படித்தானே அடைக்கிறோம். அடைத்த இடம் அறுப்பு வரை நிற்கிறது. நீ சேற்றுக்குப் பதில் ஜல்லியும் சிமென்டும் போடு. மேலே வரப்பு.

தளிர் உனக்கு நாற்று ஒன்று வரைந்திருக்கிறாள். உள்ளே வைத்திருக்கிறேன். அது நாற்றுதான், ஈர்க்குச்சி இல்லை.

செம்மொழி


நவம்பர் 10

என் செம்மொழி,

காய்ந்துவிட்டது.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். எல்லா ஓட்டைகளையும் இறுக அடைத்தேன். காப்பிச் செடிகளுக்கு நடுவே நீளமாக ஒரு வரப்பு. மண்வெட்டி பிடித்து எத்தனையோ வருஷம், கையெல்லாம் கொப்புளம். மேலிருந்து வரும் தண்ணீர் வரப்பில் வந்து நிற்கிறது. உன் அப்பா பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது.

சந்து காய்ந்தது. பிறகு சுவர். உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஈரம் இல்லை.

ஃபாஜில் பாய் பிரைமர் முடித்துக் கொடுத்துவிட்டு மகளின் நிச்சயதார்த்தத்துக்காக ஊருக்குப் போயிருக்கிறார். மிச்சத்தை நானே அடிக்கிறேன். நாற்றுப் பச்சையைக் கடையில் கலக்கத் தெரியவில்லை. நானே மஞ்சளைச் சேர்த்துச் சேர்த்துப் பார்க்கிறேன்.

மழை பிடித்துக்கொண்டது.

உன் பரிதி


மன்னார்குடி
நவம்பர் 17

அன்புள்ள பரிதி,

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மாலையில் டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

இங்கும் மழைதான். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள். தளிர் பையில் துணி அடுக்கி, கலைத்து, அடுக்குகிறாள். நானும் ஒன்று செய்தேன். ஜூனில் டி.சி. வாங்க வேண்டியிருக்கும் என்று அவள் டீச்சரிடம் சொல்லி வைத்தேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது. நல்ல பயம்தான் என்று நினைக்கிறேன்.

உன் செம்மொழி


நவம்பர் 27

என் செம்மொழி,

மழை நிற்கவே இல்லை. சுவர் மட்டும் அப்படியே காய்ந்து கிடக்கிறது. பெருமையாக இருக்கிறது.

சில்லறை வேலைகள் முளைக்கின்றன. பின்கதவு சாத்த வரவில்லை. மரம் ஊதியிருக்கும் என்று இழைத்தேன். மறுநாள் மறுபடியும் இழைக்க வேண்டியிருந்தது. தளிர் அறை மூலையில் பட்டி மேல் ஒரு மயிர்க் கோடு. அடைத்தேன். காலையில் அதே இடத்தில் கோடு, கொஞ்சம் நீளமாக. பெயின்ட் டப்பாவின் மூடி கைதவறி விழுந்தது. தரையில் தானாக உருண்டு அறையின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தது. முன்பு அப்படிச் சரிவு இருந்ததா, ஞாபகம் இல்லை.

வரப்பைப் பார்க்க மேலே போனேன். அதற்கும் மேலே மண்ணில் ஒரு வெடிப்பு, தோட்டத்தின் அகலத்துக்கு. சித்திரையில் நம் வயல் வெடித்துக் கிடக்குமே, அது மாதிரி. இந்த மழையில் மண் எப்படி வெடிக்கிறது என்று யோசித்தேன். மண்ணள்ளிப் போட்டு மிதித்துவிட்டு வந்தேன்.

பச்சை கிடைத்துவிட்டது. ஒரு சுவர் அடித்தாயிற்று.

உன் பரிதி


மன்னார்குடி
டிசம்பர் 3

பரிதி,

இதைக் கடையிலேயே நின்று படி.

என்னோடு வேலை பார்க்கும் இர்ஃபானாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், குன்னூர்க்காரி. இன்று ஸ்டாஃப் ரூமில் உன் வீட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, "அந்த ஓட்டைய யாரு அடைக்கச் சொன்னது?" என்றாள். நாங்கள்தான் என்றேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அந்த ஓட்டைகள் ஒழுகல் இல்லையாம். தண்ணீர் வெளியே போவதற்காகவே சுவர் கட்டும்போது விடுவதாம். அடைத்தால் தண்ணீர் வேறு பக்கம் திரும்பாது, மலைக்குள்ளேயே சேரும். "வயல்ல தண்ணி நின்னா பயிரு நிக்கும். எங்க ஊருல தண்ணி நின்னா மண்ணு நடக்கும்" என்றாள். உன் கடைசிக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கதவு சாத்த வராத இடம் வரை கேட்டாள். வெடிப்பு வந்ததும் போதும் என்று கையைக் காட்டிவிட்டாள்.

ஓட்டைகளைத் திற. வரப்பை வெட்டிவிடு. அன்றைக்கே ரெத்தினம் அண்ணன் வீட்டுக்குப் போய்விடு. அவர் கடைக்குப் போன் செய்து செய்து பார்க்கிறேன், லைன் போகவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். குச்சியால் கோடு போட்ட வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

செம்மொழி


டிசம்பர் 8

செம்மொழி,

இன்றுதான் கிடைத்தது. தபால்காரர் பாதி வழி நடந்து வந்தாராம்.

நீ சொன்னபடி உடனே உளி எடுத்துப் போனேன். எல்லா ஓட்டைகளையும் திறந்துவிட்டேன். பின்னால் குதித்து ஒதுங்கி நின்றேன், பீய்ச்சி அடிக்கும் என்று.

ஒரு சொட்டு வரவில்லை.

கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தேன். கம்பி முழுசும் உள்ளே போனது. காய்ந்த மண்ணோடு திரும்பி வந்தது. வரப்பையும் போய்ப் பார்த்தேன். வெட்டிவிட அதில் தண்ணீரே இல்லை. இத்தனை நாள் பெய்த மழை அந்த வெடிப்பு வழியாக எங்கோ இறங்கியிருக்கிறது. எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. சந்தில் நின்று காது கொடுத்தேன். மழைச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை.

வெளியே போய்விடு என்கிறாய். ஓதம் இருந்தால் திரும்பிவிடுவேன் என்று எழுதியதும் நீதான். ஓதம் இல்லை, செம்மொழி. கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வீட்டை விட்டு இறங்கிவிட்டால் பிறகு உன்னிடம் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

தளிர் அறைக்கு இரண்டாவது கோட் பாதியில் நிற்கிறது. முடித்துவிட்டு ரெத்தினம் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். அவர் டவுனுக்கு இறங்குகிறார், இதை அங்கே தபாலில் போடச் சொல்லிக் கொடுக்கிறேன்.

பரிதி


மலை அடிவாரம், செக்போஸ்ட்
டிசம்பர் 12

பரிதி,

நேற்று உன் கடிதம் வந்தது. தளிரை அப்பாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். ஐந்தாவது வளைவில் ரோடு சரிந்து கிடக்கிறது. தாசில்தாரிடம் சொன்னேன், போலீஸிடம் சொன்னேன். மழை விட்டதும் ஆள் அனுப்புகிறோம் என்கிறார்கள். ஊர்க்காரர்களை மட்டும் குறுக்குப் பாதையில் விடுகிறார்கள். என்னை விடவில்லை.

ரெத்தினம் அண்ணன் இங்கேதான் மாட்டிக்கொண்டிருந்தார். இப்போது நடந்து மேலே போகிறார். அவர் வீட்டுக்கு நீ வந்தாயா என்று கேட்டேன். "நான்தான் அன்னைக்கே எறங்கிட்டேனே தங்கச்சி" என்றார். அவருடைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இதை எழுதி அவரிடமே கொடுக்கிறேன்.

சுவரைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் மறந்துவிடு. இங்கே ஒரு டீக்கடையில் மேலெல்லாம் நனைந்து உட்கார்ந்திருக்கிறேன். ஓதம் ஏறிய வீடு போதும். வீடே இல்லாவிட்டாலும் போதும். நீ எங்கே இருக்கிறாயோ அங்கே நாங்கள் வருகிறோம்.

தூரிகையை அப்படியே போடு. கதவைச் சாத்த நிற்காதே. எதையும் எடுக்காதே.

பதில் எழுத வேண்டாம். அண்ணன் கூடவே இறங்கி நட.

செம்மொழி